துரைக்கு மரியாதை பழக்கின கதை

மட்டாஞ்சேரி
12-3-1982

அன்புள்ள மகன் வேலனுக்கு அம்மா ஆவுடையம்மாள் எழுதறது. இங்கே அப்பா, உன் தங்கச்சி பாக்கியம், நான், நீ விட்டுட்டுப் போன நாய் துரை, எல்லாரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லா இருக்கோம், மனசுதான் ஆளுக்கு ஒரு திக்கா கிடக்கு. நீ அங்கே மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாம சௌக்கியமா இருக்கணும்னு பகவதி கோயில் நடையில் நின்னு தினமும் கேட்டுக்கறேன், கேட்டது அங்கே வந்து சேருதான்னு நீதான் எழுதணும். போன கடிதத்தில் துரை சாப்பிடுதா, துரை இளைச்சிருக்கான்னு பத்தி பத்தியா விசாரிச்சிருந்தே, கடைசியில் ஞாபகம் வந்து அம்மா சுகமான்னு ஒரு வார்த்தை போட்டிருந்தே, சந்தோஷம். துரை பரம சௌக்கியமா இருக்கார். இந்த வீட்டில் நிம்மதியாத் தூங்கறது அவர் ஒருத்தர்தான். அவர் குரைப்பும் உன் தங்கச்சி கல்யாணமும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிப் பெரிய வம்பாப் போச்சு. அவளுக்கு இந்த வருஷமாவது ஒரு இடம் அமையணுமேங்கிற தவிப்பில் நாங்க அடிச்ச கூத்தை வேற யாராவது கண்ணு மூக்கு வெச்சு உனக்கு எழுதறதுக்கு முந்தி நானே எழுதிடறேன். நிதானமா வாசி. கூட இருக்கிற பயலுகளுக்கு வாசிச்சுக் காட்டாதே, இது வீட்டு மானம்.

துரை குரைக்கிறது உனக்குத் தெரியாததில்லை. படகுத்துறையில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் பின்னாடி வந்த குட்டியைத் தூக்கிட்டு வந்து நீ துரைன்னு பேர் வெச்ச நாளிலிருந்தே இந்தச் சந்து முழுக்கத் தன் பேரில் எழுதி வெச்சிருக்குன்னு அதுக்கு ஒரு நெனைப்பு. நீ இருந்தப்போ ஒரு அதட்டல் போட்டா அடங்கும். இப்போ அப்பாதான் அதட்டறார். அப்பா அதட்டினா துரைக்கு உற்சாகம் தாங்கறதில்லை. இவர் சீ சும்மா கிட சனியனேன்னு கத்த, அது இன்னும் ஒரு சுருதி ஏத்திக் கத்த, வாசலில் நிக்கறவங்களுக்கு யார் சத்தத்துக்குப் பயந்து ஓடறதுன்னே புரியாது. அதிலும் ஒரு விசேஷம், நம்ம சந்து ஆளுங்களை, லுங்கி கட்டிக்கிட்டு வர்ற, அப்பா வேலை பார்க்கிற மிளகு கோடவுன் ஆளுங்களை, மீன்காரியை அது ஒண்ணும் சொல்லாது. இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி, பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, சந்தனம் எல்லாம் சேர்ந்து வந்தா மட்டும் சாமி வந்த மாதிரி ஆடும். பெண் பார்க்க வர்றவங்க வேற எப்படி வருவாங்க, நீயே சொல்லு. போன ஆவணியில் தோப்பும்படியிலிருந்து வலைக்கடைக்காரர் குடும்பம் வந்தப்போ மாப்பிள்ளையோட மாமா நம்ம மதில் மேலே ஏறிட்டார். நாயைக் கட்டினாத்தான் இறங்குவேன்னார். கட்டினோம், கட்டினதுக்கும் சேர்த்து அது ஊளை போட்டுச்சு. அந்த மனுஷன் மதில் மேலே இருந்தபடியே காபி குடிச்சார், பாக்கியம் எக்கி எக்கித் தட்டை நீட்டினா, அவர் மேலே இருந்து அவளைப் பார்த்தார், பெண் பார்த்தது அம்புட்டுதான். நாயையே அடக்கத் தெரியாதவங்க பொண்ணை என்ன அடக்கமா வளர்த்திருக்கப் போறாங்கன்னு மறுநாள் சொல்லி அனுப்பிச்சாங்க. நான் அன்னைக்கு முழுக்க துரைக்குச் சோறு போடலை, பாக்கியம் தன் சோத்தில் பாதியைப் போட்டுட்டா.

அப்புறம் தை மாசம் பிறந்ததும் தரகர் ஒச்சப்பன் ஆலுவாவில் ஒரு இடம் கொண்டுவந்தார். பையன் பேர் தங்கையா, வெலிங்டன் தீவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் மூட்டைக் கணக்கு எழுதற உத்தியோகம். அப்பா அம்மா ஆலுவா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காங்க, நம்ம ஆளுங்கதான், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவங்க. எல்லாம் பொருத்தம்னு ஒச்சப்பன் சொல்லிட்டு, ஒரே ஒரு காரியம்னு இழுத்தார். பையனோட அப்பாவைச் சின்ன வயசில் நாய் கடிச்சு தொப்புளைச் சுத்தி ஊசி போட்டிருக்காங்களாம், அதிலிருந்து அவருக்கு நாய்னா ஈரக்குலை நடுங்குமாம். நாய் இருமினாக் கூட அவர் வந்த வழியே திரும்பிடுவார், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்கன்னு ஒச்சப்பன் கையைக் கழுவிட்டார். ஒரு மாசம் தவணை கேட்டோம். முதல்ல உங்கப்பா துரையைத் தோப்பும்படியில் தெரிஞ்சவங்க வீட்டில் கொஞ்ச நாள் விடலாம்னு கூட்டிட்டுப் போனார். விட்டுட்டு, ஒரு சாயா குடிச்சிட்டு, பஸ் பிடிச்சு இவர் வீட்டுக்கு வர்றார், துரை முன்னாடியே வந்து வாசலில் படுத்திருக்கார். போதாக்குறைக்கு இஸ்திரி சட்டையில் வந்த உங்கப்பாவைப் பார்த்துக் குரைக்கவும் செஞ்சார். எனக்குச் சிரிப்பு, உங்கப்பாவுக்கு நான் சிரிச்சது ஆகலை.

அந்த நேரத்தில்தான் நாணு சேட்டன் வந்து சேர்ந்தார். எதிர் வீட்டு ஓமனாவோட வீட்டுக்காரர்தான். தீவில் ஏதோ ஒரு பெரிய கோடவுனில் காவல் நாய்களைப் பழக்கினவர்னு உங்கப்பா அவர்மேல் ஒரே மரியாதை. ஓமனா என்கிட்ட சொன்னது வேற, அந்த நாய்களுக்குச் சோறும் எலும்பும் வேகவெச்சுப் போட்டதுதான் இவர் வேலையாம். இருந்தாலும் பழக்கறதைப் பக்கத்தில் நின்னு பார்த்திருப்பார் போல. அவர் சொன்ன முதல் யோசனையே உங்கப்பா வாயை மூடணும்ங்கிறது. நாய் குரைக்கறப்போ நாமளும் கத்தினா, சரி இவரும் கூடச் சேர்ந்து குரைக்கறாரேன்னு நாய் தெம்பாயிடுமாம். இத்தனை வருஷத்தில் எனக்கு அமையாத ஒரு வக்கீல் அன்னைக்கு அமைஞ்சார்னு வெச்சுக்கோ. அடுத்தது, வர்றவங்களைப் பார்த்து துரை குரைச்சா அவங்க ஒண்ணும் பேசாம திரும்பிக் கேட்டுக்கு வெளியே போய் நிக்கணும், சத்தம் அடங்கினதும் மறுபடி வரணும், வாயைத் திறக்காம இருந்தா அந்த நொடியே ஒரு துண்டு வடை. குரைச்சா வடை கிடையாது. இப்படியே திருப்பித் திருப்பிச் செஞ்சா நாய் தானே புரிஞ்சுக்கும்ன்னார். சொன்னது நல்ல யோசனைதான், நான் இல்லைன்னு சொல்லலை. அதை நல்ல புத்தியோட செஞ்சிருக்கணும், அந்த இடத்தில்தான் நம்ம வீட்டு ராசி குறுக்கே வந்துச்சு.

வர்றதுக்கு ஆள் வேணுமே. சந்து ஆளுங்களைப் பார்த்து துரை குரைக்காது. நாணு சேட்டன் அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சார், நாய் ஆளைப் பார்க்கலை, உடுப்பைப் பார்க்குதுன்னு. ஓமனாவை என் முகூர்த்தப் பட்டைக் கட்டச் சொல்லி, தலை நிறைய பூ வெச்சு, சந்தனம் பூசி கேட்டுக்குள்ளே வரச் சொன்னார். தினமும் மீன் முள்ளு போடற மகராசி, அவளைப் பார்த்து துரை குரைச்ச குரைப்பில் எனக்கே பாவமாப் போச்சு. பட்டில் பூச்சி உருண்டை வாசனை வேற. பார்த்தீங்களா, நான் சொல்லலையான்னு நாணு சேட்டன் மீசையைத் தடவினார். அதோட முடிவாயிடுச்சு, தினமும் சாயங்காலம் கோடவுன் பூட்டினதும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரியே ஆறேழு பேர் உடுத்திக்கிட்டு வரணும், தாம்பாளத்தில் தேங்காய் பழம் வெத்திலை பூ எல்லாம் இருக்கணும், சந்து முனையிலிருந்தே நடந்து வரணும், நாய்க்குத் தூரத்திலேயே காது கேட்குமேன்னு. நான் தலையில் அடிச்சுக்கிட்டேன், ரெண்டு பேர் கொல்லைப்புறமா வந்தாப் போதாதான்னு கேட்டேன். செய்யறதைத் திருத்தமாச் செய்யணும்னு உங்கப்பா. மிளகு மூட்டை தைக்கறப்போ காட்டாத திருத்தம் எல்லாம் இதில்தான் காட்டினார். நாணு சேட்டன் தன் கூட வேலை பார்க்கிறவங்க, அவங்க பெண்டாட்டிமார்னு ஆளுக்கொரு நாள் கூட்டிட்டு வந்தார். தாம்பாளத்துத் தேங்காய் மட்டும் மாறவே இல்லை, அதே தேங்காய் தினமும் ஊர்வலம் வந்துச்சு. வாழைப்பழம் கறுத்துப் போய்க் கடைசியில் வெறும் காம்புதான் வந்துச்சு. வடை மட்டும் சுடச்சுட, ஏன்னா அதைச் சுடறது நான்.

நாய்க்குப் பத்து துண்டு வடைன்னா மனுஷங்களுக்கு இருபது. கேட்டோட திரும்பிப் போனா நாய்க்குச் சந்தேகம் வந்துரும், உள்ளே உட்கார்ந்து காபி குடிச்சு முறைப்படி எழுந்து போகணும்னு நாணு சேட்டன் சாஸ்திரம் சொல்லிட்டார். உட்கார்ந்தாங்க. உட்கார்ந்ததும் அவங்களுக்கு வேஷம் தலைக்கு ஏறிடுச்சு, அதுதான் வேடிக்கை. அங்கவஸ்திரம் போட்டதிலிருந்து நாணு சேட்டன் என்னை ஏறெடுத்துப் பேசலை, சம்பந்தி அம்மா கேசரியில் நெய் கம்மின்னு ஓமனாகிட்ட சொல்றார், நான் கேட்கிற மாதிரி. பாக்கியத்துக்குத் தொட்டில் ஆட்டினவ ஓமனா, அவ காலைக் கொஞ்சம் நீட்டி உட்கார்ந்துக்கிட்டு, பொண்ணு கொஞ்சம் நடந்து காட்டட்டேன்னா, முடி குறைவாணல்லோன்னு மலையாளத்தில் இழுத்தா, ஒரு பாட்டுப் பாடச் சொல்லுன்னா. முதல் நாள் பாக்கியம் விழுந்து விழுந்து சிரிச்சா. ஓமனா சேச்சி, உங்க மடியில்தானே எனக்குப் பேன் பார்த்தீங்க, இப்போ முடி குறைவான்னு கேட்டா. மூணாம் நாள் சிரிப்பு குறைஞ்சது. வேற ஒரு அம்மா, நாணு சேட்டனுக்கு என்ன உறவோ தெரியலை, நடிக்க வந்தவ நிஜமாகவே, பொண்ணு நிறம் கொஞ்சம் மங்கல்தான் பார்த்துக்கோங்கன்னு என் காதில் ஓதிட்டு வடையை எடுத்து மடியில் கட்டிட்டுப் போனா. டைப்பிங் கிளாஸ் போயிட்டு களைச்சு வர்ற பொண்ணு, முகம் கழுவி, பொட்டு வெச்சு, தினமும் ஒரு கூட்டத்துக்கு முன்னாடி காபித் தட்டோட நிக்கணும். அம்மா, இதில் துரைக்குப் பழக்கமா எனக்குப் பழக்கமான்னு ஒரு நாள் கேட்டா. நான் அடுத்த வடையைத் தட்டி எண்ணெயில் போட்டேன்.

துரை தேறிட்டார், அதில் குத்தம் சொல்ல வழியில்லை. பட்டையும் தாம்பாளத்தையும் சந்து முனையில் பார்த்ததும் வாலை ஆட்டிக்கிட்டு கேட்டுப் பக்கம் போய் உட்கார்ந்து வாயைச் சப்பிக்கிட்டுக் காத்திருப்பார். அத்தனை மரியாதை. உங்கப்பாவும் நாணு சேட்டனும் ஒருத்தரை ஒருத்தர் தோளில் தட்டிக்கிட்டாங்க. ஆனா பாரு, அது வேற ஒண்ணையும் கத்துக்கிச்சு. வீட்டுக்கு வர்றவங்கன்னா கையில் ஏதாவது கொண்டு வரணும்னு அதுக்கு முடிவாயிடுச்சு. வெறுங்கையோட வந்தா விடறதில்லை. தபால்காரர், கரண்டு மீட்டர் பார்க்கிறவர், மீன்காரி, இத்தனை வருஷம் யாரை ஒண்ணும் சொல்லலையோ அவங்களையெல்லாம் இப்போ வழி மறிச்சுக் குரைக்குது. கோடவுனிலிருந்து உங்கப்பா வந்தாலும் கையில் பொட்டலம் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் விடுது, அவரும் சோதிச்சுப் பார்த்துட்டு இப்போ தினமும் ஒரு பொட்டலம் கடலை வாங்கிட்டு வர்றார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சகவாசத்தில் அதுக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கிச்சுன்னு நான் சொன்னேன். உங்கப்பா என்னை முறைச்சார்.

இப்படி இருக்கிறப்போ ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் தெரிஞ்ச அம்மா ஒருத்தி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. மனசை விடாதீங்க அக்கா, எந்தப் பொண்ணுக்கும் ஒருத்தன் பிறந்திருப்பான், செவ்வாய்க்கிழமை விளக்குப் போடுங்கன்னு கண்ணில் தண்ணி வெச்சுக்கிட்டா. எனக்கு ஒண்ணும் விளங்கலை. அடுத்து மாவு மில்லில் ஒருத்தி, கடைத்தெருவில் ஒருத்தி, எல்லாரும் துக்கத்துக்கு வந்த மாதிரி பேசறாங்க. அப்புறம்தான் உறைச்சது. தினமும் சாயங்காலம் பட்டும் வேட்டியுமா, தாம்பாளத்தோட, புதுப்புது ஆளுங்களா, ஊர் பார்க்கச் சந்து முனையிலிருந்து நடந்து வந்து காபி குடிச்சிட்டுப் போறாங்க, ஒண்ணும் முடிவாகலை. ஊர் என்ன நினைக்கும். உங்கப்பா பேரைச் சொல்லி, செல்லப்பா வீட்டுப் பொண்ணை ஊர்ப்பட்ட பேர் பார்த்துட்டாங்க, ஒருத்தருக்கும் பிடிக்கலை, அவகிட்ட ஏதோ குறை இருக்குன்னு மட்டாஞ்சேரி முழுக்கப் பேச்சு. அது தோப்பும்படி போய், பஸ் ஏறி ஆலுவாவுக்கும் போய்ச் சேர்ந்துடுச்சு. ஒச்சப்பன் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு வந்து, என்கிட்ட மறைச்சு வேற தரகர்கள் மூலமா இத்தனை பேரை வரவழைச்சிருக்கீங்க, அத்தனை பேரும் தட்டிக் கழிச்ச பொண்ணை என் தலையில் கட்டப் பார்த்தீங்களேன்னு குதிச்சார். அன்னைக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன் ராசா, ஒளிக்க மாட்டேன். மதில் மேலே இருந்து ஒருத்தர் பார்த்ததைத் தவிர ஒருத்தன் கூட வந்து பார்க்காத பொண்ணுக்கு இத்தனை பேர் வேண்டாம்னு சொன்ன பேர். நாயோட வாயை மூடப் போய் ஊரோட வாயைத் திறந்து விட்டுட்டோம்.

உங்கப்பா நானே போய் நடந்ததைச் சொல்லிட்டு வர்றேன்னு ஆலுவாவுக்குக் கிளம்பினார். அந்தச் சாப்பாட்டுக் கடையில், பந்தி நடக்கிற நேரத்தில், வந்தவங்க எல்லாம் நாய்க்காக வந்தவங்கன்னு விளக்கியிருக்கார். நாய்க்கு எதுக்குங்க தேங்காய் பழம்னு அந்தப் பையனோட அம்மா மாயம்மாள் கேட்டிருக்கா. இவர் தாம்பாளம் எதுக்கு, பட்டு எதுக்கு, நாணு சேட்டன் எதுக்குன்னு சொல்லச் சொல்ல, இலை போடறவன் வரைக்கும் சிரிச்சிருக்கான். நல்ல மனுஷனா இருக்கீங்க, பகலிலேயே குடிக்காதீங்கன்னு யாரோ புத்தி சொன்னாங்களாம். நாற்பது வருஷமா சாயாவைத் தவிர ஒண்ணும் தொடாத மனுஷன். வந்து மூலையில் உட்கார்ந்துட்டார். துரை போய் அவர் கையை முகர்ந்து பார்த்துச்சு, அன்னைக்குப் பொட்டலம் இல்லை, ஆனா குரைக்கலை, அம்புட்டு அறிவு அதுக்கு இருக்கு.

நாங்க விட்டுத் தொலைச்சாச்சுன்னு இருந்தப்போ ஒரு வாரம் கழிச்சு ஒச்சப்பன் மறுபடி வர்றார், பல்லெல்லாம் தெரியுது. ஆலுவாக்காரங்க பெரிய மனசு பண்ணி வர்றாங்களாம், பொண்ணோட குறையைப் பார்க்க மாட்டாங்களாம். இந்தப் பெரிய மனசு எங்கேயிருந்து வந்துச்சுன்னு நான் யோசிச்சேன், உங்கப்பா யோசிக்கலை, கண்ணில் தண்ணி விட்டுட்டார். ஞாயித்துக்கிழமை வந்தாங்க. எதிர் வாசலில் நாணு சேட்டனும் ஓமனாவும் பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பின மாதிரி நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. பையனோட அப்பா ஒச்சப்பனோட தோளைப் பிடிச்சுக்கிட்டு அவர் முதுகுக்குப் பின்னாடியே நடந்து வர்றார். துரை எழுந்தார், பட்டைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், வாலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டார். ஒச்சப்பன்கிட்ட முன்னாடியே வடை கொடுத்து வெச்சிருந்தேன், அதில் ஒரு துண்டை அந்தப் பையன் தங்கையா வாங்கிப் போட்டான். அன்னைக்கு அவன் தானாகச் செஞ்ச காரியம் அது ஒண்ணுதான், மத்தபடி வாயைத் திறக்கவே இல்லை, நல்லவனா கெட்டவனான்னு எனக்குச் சொல்லத் தெரியலை. உங்கப்பாவுக்கு முகம் மலர்ந்து போச்சு. எல்லாரும் உட்கார்ந்தாங்க, கேசரி சாப்பிட்டாங்க, பாக்கியம் காபித் தட்டோட வந்தா.

மாயம்மாள் காலைக் கொஞ்சம் நீட்டிக்கிட்டு, எங்கே ஒரு நடை நடந்து காட்டும்மான்னா. பாக்கியம் நடந்தா, பழக்கம்தானே. முடி இம்புட்டுதானான்னா. அப்புறம் ஒரு பாட்டு வருமான்னு கேட்டதும் பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அடக்கிப் பார்த்தா, முடியலை. ஓமனா கேட்ட வரிசை கொஞ்சம் கூடத் தப்பலை. எனக்கும் உதட்டுக்குள்ளே வந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். மாயம்மாளுக்கு முகம் கறுத்துப் போச்சு. அவ உங்கப்பாவைப் பார்த்துத் தொடங்கினா. இத்தனை பேர் பார்த்துக் கழிச்ச பொண்ணுன்னு ஊரே சொல்லுது, இருந்தாலும் நாங்க மனுஷங்களைப் பார்க்கிறவங்க, உங்க மகன் மஸ்கட்டில் பெரிய இடத்தில் இருக்கார்னு கேள்விப்பட்டோம், அவர் எங்க தங்கையாவுக்கு ஒரு விசா வாங்கி அனுப்பட்டும், விசா கைக்கு வந்ததும் முகூர்த்தம் பார்ப்போம், அதுவரைக்கும் வெத்திலை மாத்தறது கூட வேண்டாம்ன்னா. பெரிய மனசு எங்கேயிருந்து வந்துச்சுன்னு எனக்கு அப்போ தெரிஞ்சது. நீ அங்கே குளிர் மெஷினைத் துடைச்சு எண்ணெய் போடற ஆள்னு எங்களுக்குத் தெரியும், ஆலுவாவில் நீ கம்பெனியையே நடத்தறே. உங்கப்பா அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சுன்னு தலையை ஆட்டிக்கிட்டே இருக்கார். பாக்கியம் தட்டை இன்னும் கையில்தான் வெச்சிருந்தா, ஒருத்தரும் காபி எடுக்கலை. அவ நிதானமாத்தான் பேசினா, சத்தம் கூட உயரலை. இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் நாய்க்காக வந்தாங்க, நீங்க விசாவுக்காக வந்திருக்கீங்க, எனக்காகன்னு யாராவது வந்தா அப்போ காபி கொடுக்கறேன்னு சொல்லிட்டு, தட்டோட திரும்பி அடுப்படிக்குப் போயிட்டா.

அப்புறம் நடந்ததை எழுதறதுக்கு ஒண்ணும் இல்லை. எழுந்தாங்க, ஒச்சப்பன் கத்தினார், உங்கப்பா கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே சந்து முனை வரைக்கும் ஓடினார். துரை ஒரு சத்தம் போடாம, வாலை ஆட்டிக்கிட்டு, மிச்ச வடை கிடைக்கும்னு அவங்க பின்னாடியே போய் வழியனுப்பிட்டு வந்தார். இத்தனை நாள் கண்டவங்களைப் பார்த்துக் குரைச்ச நாய், அன்னைக்கு ஒரு நாளாவது குரைச்சிருக்கலாம். நான் அடுப்படிக்குப் போனேன், அவளை ஒரு அறை விடணும்னுதான் போனேன், கையைக் கூட ஓங்கிட்டேன். மாப்பிள்ளைக்குன்னு கலந்த காபியை அவ தானே குடிச்சிட்டு நின்னா. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. என் கை தானா இறங்கிடுச்சு. என்னைப் பெண் பார்க்க வந்தப்போ நான் வந்தவங்க கால் விரலைத் தவிர ஒண்ணும் பார்க்கலை. பொண்ணு பிடிச்சிருக்கான்னு உங்கப்பாகிட்ட கேட்டாங்க, அவர் ம்னு சொன்னார், அதோட முடிஞ்சது. என்னையும் கேட்கலாமேன்னு அவங்களுக்கும் தோணலை, எனக்கும் தோணலை. இதை உங்கப்பாவுக்கு எழுதிடாதே, இந்த வயசில் அவர் மனசு கஷ்டப்படும்.

அன்னையிலிருந்து உங்கப்பா அவகிட்ட பேசறதில்லை, துரைகிட்டதான் பேசறார். அவர் உனக்குத் தனியா ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கார், ஒட்டறதை நான் பார்த்தேன். எப்படியாவது அந்தப் பையனுக்கு ஒரு விசா ஏற்பாடு பண்ணுடா, விசா வந்தா அவங்க எல்லாத்தையும் மறந்துடுவாங்கன்னு எழுதியிருப்பார். அவர்மேல் கோபப்படாதே, பொண்ணைப் பெத்த பயம் அவரை அப்படிப் பேச வைக்குது, எனக்கும் அந்தப் பயம் இல்லாம இல்லை. இனிமேல் யார் வருவாங்க, ஊர் இன்னும் என்னென்ன சொல்லும்னு நினைச்சுக்கிட்டே விடியற வரைக்கும் முழிச்சுக் கிடக்கேன். ஆனாலும் அந்த விசா மட்டும் வேண்டாம் ராசா. முடியலைன்னு மரியாதையா ஒரு வரி அவருக்கு எழுதிடு, அம்மா சொல்லி எழுதினேன்னு மட்டும் எழுதாதே. உன் தங்கச்சியை விலை பேசி அனுப்பினா, போற இடத்தில் அவ தினமும் தட்டைத் தூக்கிட்டு நிக்கணும்.

எண்ணெய் தேய்ச்சுக் குளி, வெறும் ரொட்டியைத் தின்னுட்டுப் படுக்காதே, அறையில் இருக்கிறவங்களோட சண்டை போடாதே. பகவதி உனக்குத் துணையா இருந்து நீ நினைச்சதெல்லாம் நடத்தி வைக்கணும், ஆயுசோட இரு. ஒரே ஒரு காரியம் மறக்காதே. அடுத்த கடிதத்தில் பாக்கியத்துக்குன்னு தனியா ஒரு காகிதம் வை. மலையாளத்தில் எழுது, தமிழ் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நீ செஞ்சது சரின்னு எழுது. நானும் தினமும் அவ தலையைப் பின்னி விடறப்போ சொல்லிடணும்னுதான் பார்க்கறேன், எனக்குச் சொல்ல வாய் வர மாட்டேங்குது.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. ஆவுடையம்மாள்